சொட்டு விடாத செவ்வாய்

இன்று அவர் கண்ணில் யாரும் சொட்டு மருந்து விடவில்லை.

எல்லாம் தெரிந்தது. கண் ஆஸ்பத்திரியின் பச்சைச் சுவர். சுவரோரம் எட்டு நாற்காலிகள்.

நர்ஸ் சகாயராணி நின்று பார்த்தாள்.

"ஐயா, உங்களுக்குத்தான் போன மாசமே மருந்துக் குச்சி வச்சாச்சே? நாலு மாசத்துக்கு ஊசி கிடையாதுன்னு சொன்னாங்கள்ல?"

"சும்மா, இந்தப் பக்கம் வந்தேம்மா."

இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"இப்ப நிறைய பேருக்குக் குச்சிதான். பாருங்க, பாதி நாற்காலி காலி."

அவள் போய்விட்டாள்.

மூன்று வருடம், மாதம் தவறாமல், முதல் செவ்வாய். சர்க்கரையில் கெட்ட கண்ணுக்கு ஊசி. அதற்கு முன் கண் பாப்பா விரியச் சொட்டு மருந்து. விட்டபிறகு முக்கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும்.

அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து அமரும் சத்தம் கேட்கும். பிறகு அந்தக் குரல்.

"என்ன சார், மாத்திரைய முழுங்கினீங்களா, ஜிலேபிய முழுங்கினீங்களா?"

அந்த அம்மாளுக்கும் அதே நோய். அதே சொட்டு. மூடிய கண்.

வீட்டில் அவரோடு பேச ஆளில்லை. மாதம் முழுக்கச் சேர்த்து வைத்ததை இங்கே கொண்டுவருவார். குழாயில் தண்ணீர் வராதது. மாடியில் பூனை குட்டி போட்டது.

முகம் பார்த்ததில்லை; சொட்டு விட்ட கண்ணைத் திறந்தாலும் எல்லாம் மங்கல்தான். பெயரும் கேட்டதில்லை. அடுத்த மாதம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

போன மாதம் டாக்டர் அரிசிக் குருணை அளவில் அந்த மருந்துக் குச்சியைக் கண்ணுக்குள் வைத்தார். அது தானாகக் கரைந்து வேலை செய்யுமாம்.

"இனி மாசாமாசம் வர வேண்டாம், அலைச்சல் மிச்சம்" என்றார் டாக்டர்.

அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று இவர் வெளியே வந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

இப்போது வரிசையில் நான்கு பெண்கள். நால்வருக்கும் கண் மூடியிருந்தது.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒற்றைக்கல் மூக்குத்தி. அம்மைத் தழும்பு. நரைத்த புருவம். கன்னத்தில் மரு.

மூன்று வருடத்தில் இவ்வளவு தெளிவாக எதுவும் தெரிந்ததில்லை.

இதில் யார்?

இருக்கிறாளா?

பெயர் தெரியாமல் யாரிடம் என்னவென்று விசாரிப்பது?

ஓரத்து நாற்காலியில், வழக்கமான இடத்தில், உட்கார்ந்தார்.

கண்களை மூடிக்கொண்டார்.

தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்கு யாரு ஜிலேபி முழுங்கினது?"



பிறகு, வரிசையில் எங்கோ, ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.