பத்தாவது படுக்கை

வார்டில் ஒன்பது படுக்கைகள் இருந்தவரை அந்தக் கணினி ஸ்கிரிப்ட் பிசகியதே இல்லை. மணிக்கு எத்தனை மில்லி மருந்து ஏறவேண்டும் என்று படுக்கை வரிசையில் எண்களைக் கொடுத்தால், அந்தந்தப் படுக்கையின் மருந்து பம்புக்கு அனுப்பிவிடும். இன்று பத்தாவது படுக்கை போட்டார்கள். ஸ்கிரிப்டை எழுதிய மங்கையர்க்கரசி, பத்தாவது எண்ணை எடுத்துக்கொள்ள $10 என்று ஒரு வரி சேர்த்தாள்.

நர்ஸ் பிலோமினா ஓடிவந்தாள். "பத்துக்கு ரெண்டுதானே மேடம்? நாப்பதுன்னு ஓடுது!"

முதல் படுக்கைக்குக் கொடுத்த எண் நான்கு. கட்டளையைப் படிக்கும் ஷெல், $1 என்பதோடு நிறுத்திக்கொண்டு, மிஞ்சிய சைபரை நான்கின் பின்னால் ஒட்டியிருந்தது.

"ஷெல்லோட ஸ்டாண்டர்டே அப்படித்தாங்க. பத்தை அடைப்புக்குறிக்குள்ள போடணும்," என்றான் பக்கத்து மேசை லியாகத்.

மங்கையர்க்கரசி பிலோமினாவின் பக்கம் திரும்பினாள். "பம்ப நிறுத்திட்டுதானே வந்தீங்க?"

பிலோமினாவின் முகம் வெளிறியது. "கையால தொடவே கூடாதுன்னு நீங்கதானே மேடம் எழுதி ஒட்டியிருக்கீங்க."