புருவம் மழித்த பையன்

பாங்காக்கில் இறந்துபோன ஒரே மகன் மகராசனின் அஸ்தியை வாங்கிப்போய்க் குற்றாலத்தில் கரைக்க, மேலகரத்திலிருந்து மணிமுத்துவும் அவர் மனைவி முப்பிடாதியும் வந்திருந்தார்கள். அஸ்தி வைத்திருந்த புத்தர் கோயில் வாசலில், புருவம்கூட மழித்த இளம் பிக்கு ஒருவன் நின்றான்.

“பாவம், யாரைப் பறிகொடுத்தானோ?” என்றாள் முப்பிடாதி.

“ஏட்டி, சாமியாருன்னா மொட்டைதான். மொட்டை போட்டவம்லாம் இழவு வீட்டுக்காரனா?” என்றார் மணிமுத்து.

“நம்ம பிள்ளைக்கு மொட்டை போட ஒரு தம்பிகூட இல்லாமப் போச்சே.”

கூட வந்த மகனின் ஆபீஸ் நண்பன் வைத்தி மெல்லச் சொன்னான். “அம்மா சொல்லுததுதான் சரி, அண்ணாச்சி. இவன் மகராசனோட ரூம்மேட். அவன் நல்ல கதிக்குப் போகணும்னு கொஞ்ச நாள் பிக்குவா இருக்கான். இங்கன அது வழக்கம்.”

முப்பிடாதி அந்தத் தலையைத் தடவக் கை நீட்டினாள்.

“பிக்குவைப் பொம்பளைக தொடக்கூடாதும்மா,” என்றான் வைத்தி.

கையை இழுத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். “நீங்களாவது தடவிக் குடுங்க. நம்ம சின்னவன்லா!”