வெளித்தாழ்ப்பாள்

கோட்டாட்சியரின் மேசைமேல் பாக்கியத்தாய் ஓர் இரும்புத் தாழ்ப்பாளை ணங்கென்று போட்டாள். முதியோர் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் அவள் கொடுத்த மனுவுக்கு அன்று விசாரணை. போன மாதம் யாரோ புகார் சொல்லி, சமூகநலத் துறைப் பெண் வந்து அவள் அறையைத் திறந்துவிட்டபோது, பாக்கியத்தாய் கதவின் வெளிப்பக்கம் இருந்த அதைத் திருப்புளி வாங்கித் தன் கையாலேயே கழற்றிய பிறகுதான் வாசலைத் தாண்டினாள்.

"பாதுகாப்புக்குத்தான் சார் போட்டேன்," என்றான் மகன் செல்வின். "அம்மாவுக்கு ஞாபகம் தப்பிப்போகுது."

அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது. "யாருக்குல ஞாபகம் தப்புது? வீட்ட உனக்கு எழுதிக் குடுத்து நான் கையெழுத்துப் போட்டது வியாழக்கிழமை. நீ இத மாட்டுனது சனிக்கிழமை. நாலு திருகாணி. உன் மகன் பிறந்தநாளுக்குக் கேக்குத் துண்ட சன்னல் கம்பி வழியா நீட்டுனா உன் பொண்டாட்டி. சொல்லுல, எத மறந்துட்டேன்?"

செல்வினின் கை தாழ்ப்பாளை எடுக்க நீண்டது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

கோட்டாட்சியர் பேனாவைத் திறந்தார். "மாசம் எவ்வளவு குடுக்கச் சொல்லணும்மா?"

"அவன் காசு யாருக்கு வேணும்? வீட்ட என் பேருக்கே திருப்பிக் குடுங்க. இத நான் உள்பக்கம் மாட்டணும்." மகன் பக்கம் திரும்பினாள். "இனிமே நீதாம்ல வெளிய நின்னு தட்டணும். தெறக்கவா வேண்டாமான்னு நான் பாத்துக்கிடுதேன்."