மேற்கே ஆறடி

செங்கோடனின் குடோனுக்குள் தடுப்புச் சுவர் கிடையாது. தரையில் இழுத்த சுண்ணாம்புக் கோடுகள்தான் ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்கிலிருந்து பிரிக்கும். சரக்கு கூடினால் கோடு விரியும், குறைந்தால் சுருங்கும். திங்கட்கிழமைதோறும் நூல் பிடித்து அவரே புதிதாக இழுப்பார். பாவாயி வாடகைக்கு எடுத்த இடத்துக்கு மட்டும் மூன்று மாதமாக ஒரு மூட்டைகூட வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் வருவாள், கோட்டருகே செருப்பைக் கழற்றுவாள், தலையைக் குனிந்து உள்ளே போய் வெறுந்தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

மஞ்சள் வரத்து கூடி குடோன் பிதுங்கியபோது, சும்மா கிடக்கிற இடந்தானே என்று அவள் கோட்டை மேற்கே ஆறடி சுருக்கி, அங்கே மூட்டைகளை அடுக்கிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை உள்ளே போனவள் மூட்டைகளில் முட்டிக்கொண்டு நின்றாள்.

"அடுப்படிய எடுத்துப்போட்டீங்களேங்க" என்றாள். குரலில் கோபமில்லை. "ரோடு போட ஊட்ட இடிச்சப்ப அளவ மட்டுந்தான் எடுத்துட்டு வர முடிஞ்சுது. வெக்க எடமில்லாமத்தான் இங்க கொண்டாந்தேன்."

செங்கோடன் ஆளைக் கூப்பிடவில்லை. முப்பது மூட்டைகளையும் தானே சுமந்து வெளித் தாழ்வாரத்தில் போட்டார். பழைய கோட்டை அங்குலம் பிசகாமல் இழுத்தார். "சரியா இருக்குதா பாருங்கம்மிணி" என்றபடி, அவள் நுழையும் இடத்திலேயே விறுவிறுவென்று கோட்டைத் தாண்டினார்.

நெற்றியில் ணங்கென்று இடித்தது. அண்ணாந்து பார்த்தார். இருபதடி உயரத்தில் தகரக்கூரைதான் இருந்தது.

"குனிஞ்சு வாங்கன்னு சொல்ல மறந்துட்டனுங்க" என்று பதறினாள் பாவாயி. "எங்கூட்டு வாசக்கால் தாழ்வு."