மேற்கில் இன்னும் வெயில்

“எல்லாம் முடிஞ்சு போச்சுக்கா, டிவியில சொல்லிட்டான்…” “நீ கார் சாவியை எடு வெர்னா.” “தோத்த பிறகு எதுக்கு?” “எடுன்னு சொல்றேன்ல!” மேற்கு ஆஸ்திரேலியாவின் கட்டானிங் ஊரில் சாயங்கால வெயில் இன்னும் சுவரை விட்டு இறங்கவில்லை. ஆதிக்குடிகளை அரசியல் சாசனத்தில் எழுதலாமா, நாடாளுமன்றத்திடம் பேச அவர்களுக்கென்று ஒரு குரல் வைக்கலாமா என்று ஆஸ்திரேலியா முழுக்க இன்று ஓட்டு. கிழக்கே பொழுது முன்னதாகவே சாய்ந்துவிடுகிறது. மாநிலங்கள் பெரும்பாலும் அங்கேதான்; அங்கே எண்ணிப் பார்த்ததிலேயே, வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. இங்கே சாவடி இன்னும் திறந்திருக்கிறது. காலையிலேயே போட்டுவிட்டு வந்த தங்கை வெர்னா, சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். மூட்டுவலிக்காக வெயில் தாழட்டும் என்று காத்திருந்த அக்கா மெர்ல், சர்ச்சுக்குப் போடும் நீலச் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் துளையில் நுழைக்கப் பார்க்கிறாள், விரல் நழுவுகிறது. ஒலியை அடைத்த டிவியில் யாரோ கைதட்டுகிறார்கள். அதன் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்து விழுந்து போகிறது.

“அங்க சாவடி வாசல்ல ஓட்டுப் போட வர்றவங்களுக்கு சாசேஜ் சுட்டு ரொட்டியில வச்சுக் குடுக்கறவன் நம்ம மூஞ்சியைப் பார்ப்பான்க்கா. பாவம்னு ரெண்டு துண்டு வெங்காயம் கூடுதலா வைப்பான். அந்த வெங்காயம் எனக்கு வேண்டாம்.”

“வெங்காயத்தை நான் தின்னுக்கறேன். நீ வண்டியை எடு.”

வெர்னா சிரிக்கப் பார்த்து, முடியாமல், அக்காவின் பொத்தானைத் தானே மாட்டிவிடுகிறாள். மெர்ல் டிவியையே பார்க்கிறாள்.

“அம்மாவை ஆதிக்குடின்னு இந்த நாடு ஜனத்தொகைக் கணக்குலயே சேர்க்கல, அது அந்தக் காலம். நான் இன்னும் ஓட்டே போடலையேடி, அதுக்குள்ள எப்படி எண்ணி முடிச்சாங்க?”