பூஜ்யம் காட்டிய பிக்கப்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்னவனின் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் பஞ்சராகட்டும். ஸ்டெப்னியும் சேர்த்தே.

புகைப் பரிசோதனைக்காரர் மீட்டரைப் பார்த்தார். பூஜ்யம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் பூஜ்யம்தான். என்ன, கொஞ்சம் துலக்கமான பூஜ்யம்.

குழாயின் ஒரு முனை மீட்டரில் இருந்தது. மறுமுனை, இருபத்திரண்டு வயதான ஒரு பிக்கப் வண்டியின் சைலன்ஸருக்குள் முழங்கை ஆழத்துக்குப் போயிருந்தது. அந்த வயதில் ஒரு டீசல் வண்டி அறுபதுக்குக் கீழே காட்டினாலே அவர் எழுந்து நின்று மரியாதை செய்வார்.

பிக்கப்பின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். வண்டி அவ்வளவு உயரம். மழை வந்தால் தெருவுக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே அவருக்குப் பெய்துவிடும். பின்னால் இரண்டு டன் ஏற்றலாம். இதுவரை ஏற்றியது ஒரு தலையணை.

பக்கத்து மேடையில், தன் முறைக்காக உறுமிக்கொண்டு நின்றது அவருடைய மச்சானின் ஸ்போர்ட்ஸ் கார். மச்சானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கார் அவ்வளவு தாழ்வு. வண்டியில் போகும்போது ஊரில் யாரையும் முகம் பார்த்து அறியமாட்டார், செருப்பை வைத்துத்தான் அடையாளம். சூடேறிய எஞ்சினை அணைத்தால் அதற்கு மனசு விட்டுப்போகும் என்பது அவர் கொள்கை.

"கேளு மாப்ள! இந்த வயசுல என்ன ஒரு சாரீரம்!" என்று பல் டாக்டர் பிக்கப்பைத் தட்டிக்கொடுத்தார். தகரக் கூரை கிடுகிடுத்துக்கொண்டிருந்தது.

"சாரீரமா? சளி பிடிச்ச எருமை தொண்டையைக் காறுற மாதிரி இருக்கு மாமா. எங்க அக்காவை உங்களுக்குக் குடுக்கிறோம்னு நெனச்சு இந்த லாரிக்குக் கட்டி வச்சுட்டோம்."

சத்தத்தை மட்டும் கேட்டு எந்த எஞ்சினுக்கும் ஜாதகம் சொல்லிவிடுவோம் என்பதில் இருவருக்கும் சந்தேகமே கிடையாது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. புகைச் சட்டம் அநியாயம். அது நல்ல கார்களின் குரல்வளையை நெரித்து ஃப்ரிட்ஜ் மாதிரி முனக வைக்கிறது என்பார் மச்சான். விளையாட்டுக் கார்களை விட்டுவிட்டு உழைக்கிற வண்டியின் கழுத்தைப் பிடிக்கிறது என்பார் மாமா. தலையணையை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

பரிசோதனைக்காரருக்கு எதுவும் காதில் ஏறவில்லை. இரண்டு காதிலும் பஞ்சு, தொழில் அப்படி. அவர் கவலையெல்லாம் மேஜை மேல் இருந்த ரப்பர் முத்திரைமேல் இருந்தது.

போன மாதம் அவர் பாஸ் போட்ட பஸ் ஒன்று, பெரிய அதிகாரியின் வெள்ளைச் சட்டைமேலேயே கரும்புகையைக் கக்கிவிட்டுப் போனது. இன்னும் ஒரே ஒரு தப்புச் சான்றிதழ், பிறகு முத்திரையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று கடிதம் வந்திருந்தது. பத்தொன்பது வருட முத்திரை. வேறு வேலை அவருக்குத் தெரியாது.

"முழுசா மிதிங்க டாக்டர்."

டாக்டர் கீழே நின்றபடியே காலை மட்டும் கதவுக்குள் விட்டு மிதித்தார். மாமா மிதித்தால் மச்சானுக்குச் சும்மா இருக்க வருமா? தன் காருக்குள் தொப்பென்று விழுந்து அவரும் மிதித்தார். சுவரில் காலண்டர் கழன்று விழுந்தது.

மீட்டர் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை.

விதிப்படி மூன்று முறை. மூன்று முறையும் இருவரும் மிதித்தார்கள். மூன்று முறையும் பூஜ்யம்.

மீட்டர் செத்துவிட்டதோ என்று ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, ஊதி அணைத்துக் குழாயிடம் காட்டினார். பன்னிரண்டு. தானே உள்ளே ஒரு மூச்சு விட்டுப் பார்த்தார். மூன்று.

சிகரெட்டை விட்டுப் பதினோரு வருடமான மனிதரைவிட யோக்கியமான வண்டி. அவருக்குத் தலை சுற்றியது.

"இதுல குழம்ப என்ன இருக்கு?" என்றார் பல் டாக்டர். "என் வண்டி ஊர்ப் புகையை உள்ள இழுத்துட்டு நல்ல காத்தா வெளிய விடுது. இதை ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தணும்யா."

மச்சான் காரிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். குனிந்து பிக்கப்பின் சைலன்ஸரை மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார்.

"வாசமே இல்ல மாமா." குரல் இறங்கிவிட்டது. பதினைந்து வருடச் சண்டையில் அவர் தோற்பது இதுதான் முதல் தடவை. "சத்தத்தையும் தப்பாத்தான் சொல்லிட்டேன். இப்பக் கேட்டா... நல்லாத்தான் இருக்கு."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பரிசோதனைக்காரர் முத்திரையைக் கையில் எடுத்தார், வைத்தார், எடுத்தார். ஃபெயில் போட எண் இல்லை. பாஸ் போட மனசு இல்லை. கடைசியில், மீட்டர் சொன்னதை எழுதுவதற்குத்தான் சம்பளம், மீட்டரோடு சண்டை போடுவதற்கு அல்ல என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக் குத்தினார்.

பாஸ். அதன் நகல் அந்த நொடியே பெரிய அதிகாரியின் மேஜைக்குப் போய்விட்டது.

பல் டாக்டரின் மனைவி பிக்கப்பை ஓட்டிவந்து மேடையில் ஏற்றி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு எதிர்த்த கடைக்குப் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.