பதினெட்டு கிலோ

"பிளாஸ்டிக் மட்கார்டா? வேணவே வேணாம்," என்றார் மாமனார்.

விரல் முட்டியால் அதை இரண்டு தட்டு தட்டினார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்காமல் விடமாட்டார்.

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அடுக்குமாடியின் கீழே கார் நிறுத்துமிடத்தில் அவள் கணவன் ஐந்து மாதமாக ஒரு வண்டி கட்டிக்கொண்டிருந்தான். காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற குட்டி வண்டி. நீர்த்துளி மாதிரி முன்னால் உருண்டு பின்னால் சரிந்திருக்கும். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். போகிற இடத்தில் நிறுத்திவிட்டு அதிலேயே தங்கலாம். சக்கரத்துக்கு மேல் மாட்டுகிற மட்கார்டு மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை காலை கிளம்புவதாகத் திட்டம். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் முதல் பயணம்.

சிக்கல் எடையில் இருந்தது. அவர்களுடைய சின்னக் கார் ஓர் அளவுக்கு மேல் இழுக்காது. கணவன் ஒவ்வொரு பலகையையும் கட்டிப்பிடித்தபடி எடை மிஷின் மேல் ஏறி நின்று, தன் எடையைக் கழித்து, சுவரில் எழுதி வைத்திருந்தான். இன்னும் பதினெட்டு கிலோதான் ஏற்றலாம். அதற்குள் மட்கார்டு அடங்க வேண்டும். மாமனாருக்காக வாங்கிய மடக்குக் கட்டிலும் கூடாரமும் அடங்க வேண்டும். கார் டிக்கியில் ஏற்கெனவே எள் போட இடமில்லை.

பிளாஸ்டிக் ஜோடி நாலு கிலோ, கட்டிலும் கூடாரமும் பதிமூன்று. கச்சிதமாகப் பொருந்தியது, மாமனார் வாயைத் திறக்கும்வரை.

பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்து பிஸ்கட்டாக நொறுங்குமாம். ஃபைபர் ஒரு கல் பட்டால் விரிசல் விடுமாம். சரி, அலுமினியம்? அது குலுங்கிக் குலுங்கியே ஓரத்தில் கிழியுமாம். நாலு நாளாக இதே பாட்டு.

"இரும்புதான். ஏறி நின்னாலும் அசையாது."

"அப்பா, இரும்பு ஜோடி பதினாலு கிலோ வருது. உங்க கட்டிலை ஏத்த முடியாதே," என்றான் கணவன்.

"அப்ப கட்டிலை விடு. நான் வரல. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டார். வெல்டர் பட்டறையில் அவர் ஏற்கெனவே இரும்புக்குச் சொல்லிவிட்டார் என்பது மறுநாள்தான் இவர்களுக்குத் தெரிந்தது.

கணவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அப்பா கோபித்துக்கொண்டு வீட்டில் இருக்க, நாம் ஊர் சுற்றுவதா என்றான். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினான். லீவை ரத்து செய்யப் போவதாகவும் சொன்னான்.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தானும் வராமல், எங்களையும் போகவிடாமல், என்ன மனுஷர் இவர்! ஒரு இரும்புத் தகட்டுக்கா இத்தனை பிடிவாதம்?

தனியாகப் போனால் எப்படி இருக்கும் என்று அவளுக்கும் ஒருமுறை தோன்றியதுண்டு. தோன்றியதற்கே வெட்கப்பட்டு, அந்த நினைப்பை அப்போதே துடைத்துப் போட்டுவிட்டாள். அவரைத் தள்ளி வைத்துவிட்டுப் போக அவளுக்கு மனசில்லை. இப்போது அவரே தள்ளி நிற்கிறாரே, அதுதான் வலித்தது.

வியாழக்கிழமை மதியம், ஆபீஸில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு வெல்டர் பட்டறைக்குப் போனாள்.

"அண்ணே, எனக்கு ஒரு உதவி பண்ணணும். பிளாஸ்டிக்கையே மாட்டிடுங்க. மேலே இரும்பு மாதிரி பெயின்ட் அடிச்சுக் குடுங்க. மாமாவுக்குத் தெரிய வேண்டாம்."

வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"பெரியவர் தட்டிப் பார்ப்பாரே, தங்கச்சி."

"பார்க்கட்டும். அதுக்குள்ள ஊர் எல்லையைத் தாண்டியிருப்போம். அவரையும் கூட்டிட்டுப் போகணும், அண்ணே. அவரை விட்டுட்டு இவர் வரமாட்டார்."

வெல்டர் கையுறையைக் கழற்றினார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று பெரியவர் வாக்கு வாங்கியிருக்கிறார், ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றார்.

போன சனிக்கிழமை மாமனார் அந்தக் கட்டிலையும் கூடாரத்தையும் தோளில் சுமந்துகொண்டு, வேர்க்க விறுவிறுக்க இங்கே வந்தாராம். பட்டறைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தாராம்.

"இந்த மாதிரி வண்டிக்கு பிளாஸ்டிக்கே போதும், நல்லா உழைக்கும்னு நான்தான் சொன்னேன். அவர் காதுலயே வாங்கல. எது உறுதின்னு ஒரு வார்த்தை கேட்கல. 'இந்தக் கட்டிலோட சேர்த்தா பதினெட்டு கிலோவைத் தாண்டணும், அப்படி ஒண்ணு சொல்லு'ன்னார்."

எதற்காம் என்று அவள் கேட்டாள்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'எம் புள்ளையும் மருமகளும் மனசு விட்டுப் பேசிக்கிறதே, நான் காலையில நடக்கப் போற அந்த அரை மணி நேரம்தான். அதுக்காகவே மழை பெஞ்சாலும் குடையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடறேன்'னார்."